சிலிக்கா ஜெல்லுக்கு எவ்வளவு சூடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் சென்னைக் கடைக்கு வரும் விசாரிப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியாகத்தான் இருக்கின்றன: ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் மணிகளான சிலிக்கா ஜெல், ஈரம் நிரம்பி நிறம் மாறிய பின் அதைச் சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாமா? டிரான்ஸ்ஃபார்மர் பிரீதருக்கு (டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றை உலர்த்தும் குடுவைக்கு) வாங்குபவர்களும், கேமரா லென்ஸில் பூஞ்சை படியாமல் காக்க வாங்குபவர்களும், விதைகளைச் சேமிப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், சூடு கூடக்கூட ஜெல் நன்றாகக் காயும், காயக்காய அதிக ஈரத்தை இழுக்கும் என்று பலர் போடும் கணக்கு ஓர் எல்லை வரைதான் சரிவரும். அதைத் தாண்டினால் காய்வது போலத் தோன்றும் ஜெல் உண்மையில் கெட்டுக்கொண்டிருக்கும்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. சோடியம் சிலிக்கேட் கரைசலுடன் அமிலம் சேர்த்து, உண்டாகும் கூழைக் கழுவி உலர்த்தினால் கிடைக்கும் இந்த மணிகளுக்குள் இரண்டு மூன்று நானோமீட்டர் அகலமே உள்ள நுண்துளைகள் எண்ணற்றவை உள்ளன. ஒரு கிராம் ஜெல்லில் இத்துளைகளின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் மூன்று கிரவுண்டு மனை. அந்தச் சுவர்களில் நிறைந்திருக்கும் சிலனால் எனப்படும் ஹைட்ராக்சில் தொகுதிகள்தான் ஹைட்ரஜன் பிணைப்பால் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றின்மேல் மேலும் நீர் சேர்ந்து துளைகள் நிரம்புகின்றன. அறை வெப்பநிலையில், காற்று நன்றாக ஈரமாக இருக்கும்போது, நல்ல ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரைப் பிடித்துக்கொள்ளும். இதில் வேதி மாற்றம் எதுவும் இல்லை. பரப்பில் ஒட்டிக்கொள்வது மட்டுமே நடக்கிறது. ஒட்டும்போது வெப்பம் வெளிப்படுவதால், வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தால் நீர் விலகிப் போய்விடும்.

இதே விதி பயன்பாட்டிலும் வேலை செய்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. காற்றில் உள்ள நீராவியின் அளவு மாறாதிருக்க, வெப்பநிலை மட்டும் ஏறினாலும் ஜெல் தான் பிடித்துவைத்ததில் ஒரு பகுதியை விட்டுவிடும். ஆகவே தகரக் கூரைக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ வைத்த பெட்டியில் ஜெல் ஏன் ஒழுங்காக உழைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு, சரக்கில் குறையில்லை, வைத்த இடத்தில்தான் குறை என்பதே எங்கள் பதில்.

இனி சூடேற்றும் முறை. ஜெல்லை அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, 110 முதல் 120 டிகிரி செல்சியஸில், நீராவி வெளியேற வழி விட்டு, இடையிடையே கிளறி, சில மணி நேரம் வைக்க வேண்டும். ஈரம் நிறைந்த மணிகளைச் சூடான ஓவனில் திடீரென்று தள்ளினால் உள்ளிருக்கும் நீர் வேகமாக ஆவியாகி மணிகள் வெடித்துத் தூளாகும்; சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள். நிறம் திரும்பியதை மட்டும் நம்பி இறக்கிவிடாமல், எடைபோட்டுப் பாருங்கள்; அரை மணி இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக இருந்தால்தான் வேலை முடிந்தது. காகிதம் அல்லது பிளாஸ்டிக் பொட்டலங்களில் உள்ளதை அப்படியே இந்தச் சூட்டில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடு சீராகப் பரவாமல் சில மணிகள் மட்டும் கருகுவதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

120 டிகிரிக்கு மேல் போனால் முதலில் அடிபடுவது நிறம்காட்டி, அதாவது ஈரம் ஏறியதை நிறம் மாறிக் காட்டும் பொருள். ஆரஞ்சு நிற ஜெல்லில் பயன்படும் கரிமச் சாயம் சிதையும். நீல ஜெல்லில் உள்ள கோபால்ட் குளோரைடும் கருத்துப்போய், மணி உலர்ந்ததா நனைந்ததா என்று சொல்லும் திறனை இழக்கும். (கோபால்ட் குளோரைடு புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்ட பொருள் என்பதால், நீல ஜெல்லைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கவே வேண்டாம்.) நிறம்காட்டி இல்லாத வெள்ளை ஜெல் சற்றுக் கூடுதலான சூட்டைத் தாங்கும். ஆனால் 200 டிகிரியைத் தாண்டினால் அதற்கும் சேதம்தான். அருகருகே உள்ள சிலனால் தொகுதிகள் இரண்டிரண்டாக இணைந்து, நீரை வெளியேற்றி, சிலாக்சேன் பாலங்களாக (இரு சிலிக்கான் அணுக்களை ஓர் ஆக்சிஜன் இணைக்கும் பிணைப்புகளாக) மாறத் தொடங்குகின்றன. அப்போது எடை குறைவது சேமித்த நீர் போவதால் அன்று, நீரைப் பிடிக்கும் கைகளே போவதால். ஏறத்தாழ 400 டிகிரி வரை இந்த இழப்பு ஈரம் பட்டால் பெரும்பாலும் மீளக்கூடியது. அதற்கு மேல் சுவர் நீரை வெறுக்கும் பரப்பாக மாறிவிடுகிறது. இன்னும் சில நூறு டிகிரி ஏறினால் துளைகளே சுருங்கி மூடிக்கொள்ளும். கேஸ் அடுப்பில் காயும் இரும்புச் சட்டியின் அடிப்பகுதி 250 டிகிரியை எளிதில் தாண்டிவிடும் என்பதால்தான், வாணலியில் வறுக்காதீர்கள் என்று கவுண்டரில் வற்புறுத்திச் சொல்கிறோம்.

சூடாக இருக்கும் ஜெல் ஈரத்தை இழுக்காது, ஆறும்போது இழுக்கும். மழைக்காலத்தில் திறந்த தட்டில் ஆறவிட்டால், லென்ஸ் பெட்டிக்குப் போகும் முன்பே அது பாதி நிரம்பியிருக்கும். கை பொறுக்கும் சூடு வந்ததும் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ போட்டு மூடி, அதற்குள்ளேயே முழுவதும் ஆறவிடுங்கள். உலர்ந்த மணிகளின் மேல் தண்ணீர் தெறித்தால் படபடவென்று வெடித்து உடையும் என்பதால் ஈரக் கையால் தொட வேண்டாம்.

எண்ணெய் ஆவி படிந்து பழுப்பேறிய பிரீதர் ஜெல்லை எந்தச் சூடும் சரிசெய்யாது. துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டது, அதை மாற்றியே ஆக வேண்டும். மற்றவற்றில் ஐயம் இருந்தால், உலர்த்திய பழைய ஜெல்லையும் புதியதையும் சம எடையில் இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒரே அலமாரியில் ஒரு நாள் வைத்து எடைபோடுங்கள். பழையது ஏற்றிய ஈரம் புதியதில் பாதிகூட இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். தராசு வசதி இல்லாதவர்கள் ஒரு கைப்பிடியைக் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தால், புதிது வாங்கும் முன் நாங்களே பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
நிர்வாகத்தினர்