மல்லிகாவைப் பார்த்துவிட்டு வந்தேன்

அஸ்தம்பட்டி, சேலம்
ஏப்ரல் 21

அன்புள்ள வசந்தா,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டுக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் சித்திரையில் பதில் எழுதுகிறவளுக்கு உன்னைக் குறை சொல்லும் உரிமை கிடையாது. ஆனாலும் மல்லிகாவிடம் நாம் இருவரும் பேசி எத்தனை மாதமாகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார். சென்ற சனிக்கிழமை ஏற்காட்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே புகுந்து நீ தீர்ப்பு வழங்கிவிடுவாய். விடுதி வார்டன் வேலை உன்னை விட்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் பன்னிரண்டரை மணி. மலையில்கூட அன்று நல்ல வெயில். அவளோ கம்பளிச் சட்டை போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, திண்ணையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது, குரல் ஆண்குரல்போலக் கரகரத்தது. நான் கேட்ட கேள்வி அவளுக்குள் போய்ப் பதிலாகத் திரும்பி வருவதற்குள் ஒரு வண்டி சாலையைக் கடந்து போய்விட்டது. தோட்டத்தில் பூமழைக்குப் பிறகு காப்பி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. ஆனால் மாசியிலேயே பறித்திருக்க வேண்டிய மிளகு கொடியிலேயே கருத்துக் காய்ந்து உதிர்ந்திருந்தது. மிளகுக் கணக்கில் வியாபாரிகளையே அழ வைத்தவள் அவள் என்பது உனக்குத் தெரியும். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "கழிவு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

பதினான்கு ஆண்டுகளாகத் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டவள் சென்ற ஆடியில் அதை நிறுத்திவிட்டாள். இப்போது அதே ஐந்து மணிக்கு, யூடியூபில் சூரணம் விற்கிற, நீயும் நானும் 'பல்லழகன்' என்று பெயர் வைத்த அந்தத் தம்பியின் நேரலை.

மார்ச் மாதம் அவள் மகன் டொரண்டோவிலிருந்து என்னை அழைத்து, அம்மா தன் எண்ணையே பிளாக் செய்துவிட்டார் என்று அழாக்குறையாகச் சொன்னபோதுதான் நமக்குச் சிரிப்பாக இருந்தது சிரிப்புக்குரியது அல்ல என்று உறைத்தது. அதன் பிறகு மூன்று வாரம், அவன் வந்த நாளெல்லாம், விடியற்காலையில் எழுந்து அவனைப் பார்த்தேன். பார்க்காமலே பேசுவது நம் வழக்கம். ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவோமே என்று தோன்றியது.

அவன் முட்டாள் அல்லன், வசந்தா. பார்க்கிற பெண்களும் முட்டாள்கள் அல்லர். வயதில் பெரியவர்கள் எல்லோரும் அவனுக்கு "அம்மா". ஊர் ஊராக அழைப்பான், பிறகு சிலரைப் பெயர் சொல்லி அழைப்பான். இன்று யார் பெயர் வரும் என்று எவருக்கும் தெரியாது. சூப்பர் சாட்டில் பணம் கட்டினால் எழுதியது வண்ணத்தில் மேலே நிற்கும். அதை வாசிப்பான் என்பதற்கோ உத்தரவாதம் இல்லை. மாதச் சந்தா கட்டுகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம். மாதங்கள் ஏற ஏற அதுவும் மாறும். பார்வைக்குச் சில்லறை விஷயம். ஆனால் நாற்பது ஆண்டு குடும்பம் நடத்தியும் தன் பெயரை எவரும் அன்போடு சொல்லிக் கேட்காத ஒருத்திக்கு அது சில்லறையா? ஒன்பதாம் நாள், "அஸ்தம்பட்டி அம்மா ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், வாருங்கள் அம்மா" என்றான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளே இனித்தது. அன்று காப்பியில் சர்க்கரை போட மறந்ததுகூடத் தெரியவில்லை.

என் மருமகள் உளவியல் படித்தவள் அல்லவா, அவளிடம் இதை ஒப்புக்கொண்டேன். ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞரின் புறாக்களைப் பற்றிச் சொன்னாள். கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமலே எப்போதோ ஒருமுறை கிடைத்துப் பழகிய புறாதான், தீனி நின்ற பிறகும் கொத்திக்கொண்டே இருக்குமாம். 1956இல் ஹார்ட்டன், வோல் என்ற இருவர், தொலைக்காட்சியில் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறவரிடம் பார்ப்பவருக்கு உண்டாகும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்டிக்குள் இருந்தவருக்கு நம் பெயர் தெரியாது. இவனுக்குத் தெரியும், பேரப்பிள்ளையின் பெயர் வரைக்கும் தெரியும்.

இனிப்பு மட்டும் இருந்தால் திகட்டிவிடும் என்பதால் அவ்வப்போது உப்பும் போடுகிறான். ஒரு வாரம் முழுக்கக் காணாமல் போனான். கைப்பேசிக்குள் இழவு வீடுபோல ஆயிரம் பேர் புலம்பினார்கள். திரும்பி வந்து கண்ணீர் விட்டான்: துரோகம் நடந்துவிட்டதாம், எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகலாம் என்று நினைத்தானாம், அம்மாக்களின் முகம் தடுத்துவிட்டதாம். அன்று கொட்டிய பணத்தை நான் கண்ணால் பார்த்தேன். சூரணத்தின் விலையைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணின் எழுத்து அரை நிமிடத்தில் மறைந்தது. மறுநாள் அவள் "விஷம்" ஆனாள். அவர்களுக்குத் தனி அகராதியே இருக்கிறது. கேட்பவர்கள் விழித்தவர்கள், நீயும் நானும் உறங்குகிறவர்கள். உறங்குகிறவள் சொல்வதற்கு விழித்தவள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சூரணம் நோயைக் குணமாக்கும் என்று அவன் ஒருநாளும் தன் வாயால் சொல்வதில்லை. நீரிழிவு, கழுத்துக் கழலை போன்ற நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1954இலிருந்தே இருக்கிறது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அம்மாக்களைச் சொல்ல வைக்கிறான். மாத்திரையை நிறுத்திய மூன்றாவது வாரத்தில் மல்லிகாவும் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அந்தக் காணொளியைப் பார்த்தேன். நம் கோரிமேட்டுக் கல்லூரி விழாவில் நிற்பதுபோலப் பட்டுப்புடவையில் நின்று, மாத்திரை இல்லாமல் இருபது வயது குறைந்துவிட்டது என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாம். பல நாள் பழைய இருப்பிலேயே வண்டி ஓடும், குறை மெதுவாகத்தான் தெரியும். தெரிய ஆரம்பித்தபோது அவள் ஊரறியச் சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். அவள் பேச்சைக் கேட்டுத் தாரமங்கலத்து நாத்தனாரும் மாத்திரையை விட்டுவிட்டாள். இப்போது தனக்கு முடியவில்லை என்று மல்லிகா சொன்னால், பாவம் இரண்டு வீட்டுக்குச் சேர்ந்தது என்றாகிவிடும். குளிரை அவள் கழிவு என்று சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? முடியாமல் போவதும் குணமாவதன் அடையாளம் என்று ஆக்கிவிட்டால், பிறகு எந்த நோய்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. தனியாக ஆலோசனை கேட்டால் கூடுதல் கட்டணம். அதில் அம்மாக்கள் மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். விலகிப் போன ஒருத்தியின் குடும்ப விவகாரத்தை அவன் நேரலையில், பெயர் சொல்லாமல், ஆனால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்படி எடுத்துவிட்டதை நானே கேட்டேன். மல்லிகா அவனிடம் என்னென்ன சொல்லியிருப்பாள்? அவள் வீட்டுக்காரர் ஆனந்தன் அண்ணனின் கடைசி வருடம் எப்படிப் போயிற்று என்பது நம் மூவருக்குள் மட்டும் இருந்தது. இப்போது நால்வர் என்று நினைக்கிறேன்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது இவற்றையெல்லாம் சொல்வதற்காக அல்ல. சென்ற ஐப்பசியில் குகையில் நடந்த கல்யாணப் பந்தியில், அவள் இலையில் இனிப்பை ஒதுக்கி வைத்தபோது, "உன் நேரலை மகன் வேண்டாம் என்றானா?" என்று நான் கேட்டேனே, நீ அவன் குரலில் "வாருங்கள் அம்மா" என்றாயே, பந்தியே சிரித்ததே. அந்தக் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அவன் பேசிய பழைய நேரலை ஒன்றைத் தேடிப் பார்த்தேன். "உங்களுக்கு மிக நெருங்கியவர்கள்தான் முதலில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்று நான் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறான். நாம் இருவரும் சம்பளம் வாங்காமல் அவனுக்கு வேலை செய்திருக்கிறோம். அதற்கடுத்த வாரம் ஆனந்தன் அண்ணனின் திதி வந்தது. அவளுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து நாற்பது பெண்கள் அவளுக்கு ஆறுதல் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி ஆத்தூரிலிருந்து சமைத்து எடுத்துக்கொண்டு மலையேறி வந்திருக்கிறாள். அஸ்தம்பட்டியிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. திருச்சியிலிருந்து தொலைபேசியும் வரவில்லை.

பிடித்து வைத்திருப்பவன் அவன்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் வெளியே வந்தால் எங்கே போவாள் என்று கேட்டுப் பார். அந்த நாற்பது பேரையும் ஒரே நாளில் இழந்து, ஏமாந்தவள் என்ற பெயரோடு நம் சிரிப்புக்குத்தான் திரும்ப வேண்டும். நானாக இருந்தாலும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

உடனே உன் தம்பி சொல்லிவிடுவார், வழக்குப் போட்டு உள்ளே தள்ள வேண்டும் என்று. தள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற ஒருவர், 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதையே நாடகம் என்று பரப்பினார். ஒரு பக்கம் பயமுறுத்தி, மறுபக்கம் சத்து மாத்திரை விற்றார். 2022இல் நடுவர் குழு அவர்மீது 96.5 கோடி டாலர் இழப்பீடு சுமத்தியது. அதன் பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார், கேட்பவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்டனை கிடைத்தால் அவன் தியாகி ஆவான், மல்லிகா இன்னும் உள்ளே போவாள்.

மருமகள் சொன்ன கதைகளில் ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. சிகாகோ பக்கம் ஓர் அம்மையாரின் கூட்டம், 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், அதற்கு முன் பறக்கும் தட்டு வந்து தங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தது. வேலையை விட்டவர்களும் அதில் உண்டு. ஃபெஸ்டிங்கர் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், நம்புகிறவர்களைப்போலவே ஆட்களை உள்ளே அனுப்பிக் கவனித்தார்கள். நள்ளிரவு கடந்தது, ஒன்றும் வரவில்லை. விடிவதற்குள் அம்மையாருக்குச் செய்தி வந்தது: இவர்கள் பரப்பிய ஒளியால் உலகமே தப்பித்ததாம். அதுவரை பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே விலகியவர்கள், அதன் பிறகு தாங்களே அவர்களை அழைத்துப் பேசினார்கள். எல்லோரும் இதைத்தான் சொல்லி வியப்பார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. அந்த இரவில் ஒன்றாகக் கூடி உட்கார்ந்திருந்தவர்களின் நம்பிக்கைதான் முறுகியது. கூட்டத்திலிருந்து பிரிந்து தத்தம் வீட்டில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தளர்ந்துபோயிற்று. வாதத்தில் தோற்றதால் அல்ல, பக்கத்தில் தலையாட்ட ஆள் இல்லாததால்.

ஆகவே சனிக்கிழமை நான் மாத்திரையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து உதிர்ந்த மிளகைப் பொறுக்கினேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வாங்கிப் போன தட்டுவடையில் பாதியை அவள் தின்றாள்; அவன் எண்ணெயைக் கூடாது என்றிருக்கிறான், நான் கவனிக்காததுபோல இருந்தேன். பந்தியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது, எனக்கு இந்த வாரம் சர்க்கரைப் பரிசோதனை இருக்கிறது, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றேன். நான் எதற்காவது பயந்து அவள் பார்த்ததில்லை. நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். "வியாழக்கிழமையா?" என்று மட்டும் கேட்டாள். வந்தால், நான் கை நீட்டும்போது அவளும் நீட்டுவாளா என்பது தெரியாது. அந்த மருத்துவரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ இன்றே அவளை அழைத்துப் பேசு. அவனைப் பற்றி வேண்டாம், உடம்பைப் பற்றியும் வேண்டாம். பலாக்கொட்டைக் குழம்புக்கு அவள் என்ன பொடி போடுவாள் என்று கேள். முப்பது வருடமாக அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாய், கேட்பதில் பொய்யும் இருக்காது. அவளாக அவன் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொண்டிரு. பல்லழகன் என்ற பெயர் உன் வாயில் இனி வரக் கூடாது, என் வாயிலும்.

வியாழக்கிழமை அவள் வராவிட்டால் சனிக்கிழமை மறுபடி மலையேறுவேன். நீயும் வருவதானால் வெள்ளிக்கிழமை இரவே இங்கு வந்துவிடு, முதல் பேருந்தைப் பிடிக்கலாம். இருபது வளைவுக்கும் உனக்கு வேண்டிய எலுமிச்சம்பழம் இங்கே இருக்கிறது. நேரலை முடிந்து, குழுவில் எல்லோருக்கும் வணக்கம் எழுதிய பிறகுதான் அவள் கதவைத் திறப்பாள். அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். போர்வை எடுத்து வா.

உன்,
கோகிலா