பட்டா அவருக்கு, பாடு இவருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரதமரின் கிசான் திட்டத்தில், நிலம் தம் பெயரில் உள்ள விவசாயிகளுக்கு 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. எனக்கும் வருகிறது, மறைப்பானேன்? நான் வயலில் இறங்கிப் பல வருடமாகிறது. பட்டாவில் என் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்து மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்கு ஒரு பைசா கிடையாது. நில உடைமையாளர் சென்னையில் இருக்கிறார். தவணை விழுந்த குறுஞ்செய்தி அவர் கைப்பேசிக்குப் போகிறது. அதே வாரம் இவர், காலில் காய்ந்த சேற்றோடு உரக்கடை வாசலில் நின்று, இரண்டு மூட்டை யூரியாவுக்குக் கடன் சொல்லிக்கொண்டிருந்தார்.

2020இல் தமிழ்நாட்டில் விவசாயிகளே அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இத்திட்டத்தில் நுழைந்து, சுமார் 110 கோடி ரூபாய் கைமாறியது. அதன்பின் ஆதார், முகம் பார்க்கும் செயலி என்று கெடுபிடி கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் செயலி பார்ப்பது பட்டாதாரரின் முகத்தை. கோயில் நிலக் குத்தகைதாரர்கள் நிறைந்த டெல்டாவில் இது என்ன கணக்கு?

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தப் பதிவேட்டையும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கலையும் வைத்து, சாகுபடி செய்பவர் கணக்கில் பணம் போடட்டும். என் தவணை நின்றாலும் சரி.

– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்