ஓடுதளத்திலும் வகுப்பறையிலும் துணைநின்றவர்களுக்கு

அன்பும் மதிப்பும் மிக்கவர்களுக்கு,

கோவையில் சிவில் பொறியியல் படித்துக்கொண்டே 400 மீட்டர் தடை ஓட்டத்திலும் போட்டியிட்டு வந்த நான், அரியர் ஏதும் மீதமில்லாமல் இம்மாதம் படிப்பை முடிக்கிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் தங்கள் நேரத்தை எனக்குக் கொடுத்தவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி நேரு விளையாட்டரங்கின் மைதானப் பணியாளர் ஐயாவுக்கு. தொடக்கக் கோட்டிலிருந்து 45 மீட்டரில் முதல் தடையும், அதன்பின் 35 மீட்டருக்கு ஒன்றாக மற்ற ஒன்பதும் நிற்க வேண்டும். காலை ஐந்தரைக்கு நான் வருமுன்பே, டார்ச் வெளிச்சத்தில் குறிகளைப் பார்த்து, பெண்களுக்கான 76.2 சென்டிமீட்டர் உயரத்தில் அவற்றை நிறுத்தியிருப்பார். அப்படி மிஞ்சிய அரை மணியில்தான் நான் குளித்து, இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, எட்டரை மணி வகுப்பில் உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் சாருக்கு நன்றி. தேர்வு வாரங்களில் தடைகளைத் தொடவிடாமல், மெல்லோட்டத்தோடு என்னை விடுதிக்கு அனுப்பிவிடுவார். பாய்ம இயக்கவியலில் தோற்று, ஓட்டத்தையே விட்டுவிடலாம் என்று நான் இருந்தபோது, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் கோவையின் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, 1984இல் பி.டி. உஷா படைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார். அன்று என்னை அழைத்த சார், "அரியரை முடி, அப்புறம் மைதானத்துக்கு வா" என்று மட்டுமே சொன்னார்.

75 விழுக்காடு வருகை கேட்கும் படிப்பில் போட்டிகளுக்குச் செல்ல, அந்த நாட்களையும் வருகையாகக் கணக்கில் கொள்ளும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் வேண்டும். அதில் கையெழுத்திட்ட துறைத்தலைவர் அம்மா, "கையெழுத்து வருகையைத் தரும், பாடத்தைத் தராது" என்று சொல்லி, தவறிய நில அளவைச் செய்முறைகளைச் சனிக்கிழமைகளில் நடத்தித் தந்தார். நான் நில மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை முக்காலியில் ஏற்றி, அதன் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரும் வரை, ஒரே ஒரு மாணவிக்காக வெயிலில் ஸ்டாஃப் எனும் உயர அளவுகோலைப் பிடித்து நின்ற ஆய்வக அண்ணனை என்னால் மறக்க இயலாது. கடைசி ஆண்டில் நான் அளவெடுத்த ஒவ்வொரு முறையும் அவர் நின்ற இடம் கண்ணில் பட்டது.

என் அறைத்தோழிக்கு எப்படி நன்றி சொல்வது? அவள் படமெடுத்து அனுப்பிய குறிப்பேட்டின் ஓரங்களில், "இதை சார் இரண்டு முறை சொன்னார்" என்று எழுதியிருக்கும். ரயில் படுக்கையில் அந்த ஓரங்களைத்தான் முதலில் படிப்பேன். இரவு தாமதமாக வந்தாலும் சோறு எடுத்துவைத்த மெஸ் அக்காவுக்கும், ஊரிலிருந்து ஒருநாளும் "போதும், நிறுத்து" என்று சொல்லாத அப்பா அம்மாவுக்கும் என் வணக்கம்.

வேலையில் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பேன். ஐயா, இந்த மாதம் தடைகளை நானே எடுத்து வைக்கிறேன்.

நன்றியுடன்,
சிவில் பொறியியல் இறுதியாண்டு மாணவி