மகளுக்கு, டாம்பான் பற்றி

சிவமயம்

தேவகோட்டை

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு அப்பச்சியும் அப்பத்தாவும் நலம். சிங்கப்பூரில் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், மாதவிலக்கு நாட்களில் வகுப்பை விட மனமில்லாததால், உதிரத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் பஞ்சுச் சுருளான டாம்பான் வைத்துக்கொள்ளலாமா என்றும் தொலைபேசியில் கேட்டாய். பக்கத்தில் அப்பத்தா உட்கார்ந்திருந்ததால் அப்போது விரிவாகப் பேச முடியவில்லை. மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்றே காலத்தைக் கழித்தவள் என்பதால், தாயாகவும் மருந்தாளுநராகவும் சேர்த்தே எழுதுகிறேன். தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் முறை தெரிந்து, மணி பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டாம்பான் வைத்தால் கன்னித்தன்மை போய்விடுமா என்று நீ கேட்க வந்து கேட்காமல் விட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கன்னித்திரை யோனியின் வாயை முழுவதுமாக மூடியிருப்பதில்லை. ஓரத்தைச் சுற்றி அமைந்த மெல்லிய சவ்வு மடிப்பு அது. மூடியிருந்தால் மாதாமாதம் உதிரம் வெளிவர வழியே இருந்திருக்காது. விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும்கூட அது நெகிழலாம், சிறிது கிழியலாம். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கல்யாணம் பேச வருகிறவர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பத்தாவிடம் இதை விளக்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிடு.

உள்ளே போய்த் தொலைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். யோனியின் உட்பக்க முடிவில் இருக்கும் கருப்பை வாயின் துளை மிகச் சிறியது. டாம்பான் அதைத் தாண்டி எங்கும் போக முடியாது. சிறுநீர் வரும் துளை தனியாக இருப்பதால் சிறுநீர் கழிக்க அதை எடுக்க வேண்டியதும் இல்லை. நூலை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டால் போதும்.

பெட்டி வாங்கியதும் ஒன்றைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார். விரல் பருமனில் இறுக்கிச் சுருட்டிய அந்தப் பஞ்சு ஊறி விரிவதையும், அடியில் தைத்த நூல் இழுத்தாலும் பிடித்து நிற்பதையும் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி தயக்கம் போய்விடும். பிறகு, போக்கு நன்றாக இருக்கும் நாளில் முதல் முயற்சியை வைத்துக்கொள். ஈரம் இருந்தால்தான் எளிதாக உள்ளே போகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தியோ ஒரு காலை உயர்த்தி வைத்தோ நின்று, மூச்சை மெல்ல விட்டு, உடம்பைத் தளர்த்திக்கொள். நேராக மேல்நோக்கித் தள்ளினால் இடிக்கும். இடுப்பின் பின்பக்கத்தை நோக்கிச் சாய்வாகத் தள்ள வேண்டும். உள்ளே செலுத்த உதவும் அப்ளிகேட்டர் குழாயோடு வருவதாக இருந்தால், வெளிக்குழாயைப் பிடிமானம் வரை உள்ளே வைத்து, உட்குழாயை அழுத்திப் பஞ்சை விட்டுவிட்டு, இரண்டு குழாய்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். நூல் வெளியே தொங்க வேண்டும். சரியாக அமர்ந்துவிட்டால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. உறுத்தினால் இன்னும் ஆழம் போகவில்லை என்று பொருள். அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வை. எத்தனை முறை முயன்றாலும் வலிக்கிறது என்றால் வம்படியாகத் தள்ளாதே, ஒரு பெண் மருத்துவரைப் பார்.

வைத்திருப்பதே தெரியாமல் இருப்பதுதான் இதில் வசதி; நான் பயப்படுவதும் அதற்குத்தான். நாப்கின் நனைந்தால் உடம்பே சொல்லிவிடும், டாம்பான் சொல்லாது. ஆகவே 4 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். 8 மணி நேரத்துக்கு மேல் எக்காரணம் கொண்டும் உள்ளே விடக்கூடாது. கைபேசியில் அலாரம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எவ்வளவு நேரம் தூங்குவாய் என்பது எனக்குத் தெரியும் என்பதால், இரவில் நாப்கினே வைத்துக்கொள் என்று சொல்கிறேன்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற நோய். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கிறது. டாம்பான் நெடுநேரம் உள்ளே கிடந்தால் அது பெருக இடமாகும். அதில் சில வகைகள் உண்டாக்கும் நச்சு இரத்தத்தில் கலந்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 1980இல் அமெரிக்காவில் நிறைய இளம்பெண்கள் இந்த நோயில் விழுந்தபோது, மிக அதிகமாக உறிஞ்சும்படி செய்த டாம்பான்களுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. உறிஞ்சும் அளவைப் பெட்டியில் ஒரே முறையில் அச்சிட வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் அங்கு வந்தது. இன்று இது மிக அரிது. ஆனாலும் டாம்பான் வைத்திருக்கும்போதோ எடுத்த ஓரிரு நாளிலோ திடீரென்று 39 டிகிரி செல்சியஸை ஒட்டிய காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், வெயிலில் வெந்ததுபோல் உடம்பெங்கும் சிவப்பு என்று எது வந்தாலும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடாதே. உடனே டாம்பானை எடுத்துவிட்டு, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், டாம்பான் வைத்திருந்தேன் என்பதை நீயே முதலில் சொல். நம் கடையில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கும் பெண்கள், மருத்துவர் முன்னாலும் அதே கூச்சத்தோடு பாதியை விழுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவு விஷயத்திலும் இந்த நோயை மனத்தில் வைத்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்க அளவுப்படி ரெகுலர் என்பது 6 முதல் 9 கிராம் வரையும், சூப்பர் என்பது 9 முதல் 12 கிராம் வரையும் உறிஞ்சும். அடிக்கடி மாற்றச் சோம்பல்பட்டுப் பெரியதை வாங்காதே. உன் போக்குக்குப் போதுமானதில் மிகச் சிறியதே நல்லது. 4 மணி நேரம் கழித்து எடுக்கும்போது பஞ்சில் வெள்ளையாக உலர்ந்த இடம் நிறைய இருந்து, இழுக்கும்போது எரிந்தால் ஒரு படி சிறியதற்கு மாறு. விலக்கு இல்லாத நாளில், வெள்ளைப்படுதலுக்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ வைக்கவே கூடாது. வாசனை சேர்த்ததும் வேண்டாம்.

நீந்தி முடித்ததும் நூல் நனைந்திருக்கும் என்பதால் உடனே மாற்றிவிடு. பழையதை எடுத்த பிறகே புதியதை வை. கடைசி நாளில் கடைசியாக வைத்ததை எடுத்தோமா என்பதை விரலால் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள். துர்நாற்றத்தோடு ஏதேனும் வடிந்தால் உள்ளே ஒன்று மறந்து கிடக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உனக்கு எட்டவில்லை என்றால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். எடுத்ததைத் தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் போடு. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். யோனியின் உட்பகுதியைச் சோப்பாலோ டெட்டாலாலோ கழுவவும் வேண்டாம், அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

பிள்ளையார் நோன்புக்கு வரும்போது அந்த நாட்களாக இருந்தால், விமானம், திருச்சியில் வரிசை, அதன்பின் தேவகோட்டை வரை கார் என்று மணிக்கணக்கு நீண்டுவிடும். வழியில் நல்ல கழிப்பறைக்கும் உறுதியில்லை. பயணத்துக்கு நாப்கினே வைத்துக்கொள். டாம்பான் நம் கடையில் வரவழைப்பதில்லை, ஊரில் தேடியும் அலையாதே. வேண்டியதை அங்கிருந்தே எடுத்து வா.

இப்படிக்கு,
உன் ஆத்தா