தம்பேதன்ன மலையில் கைகொடுத்த அக்காவுக்கு

இலங்கை மலையகத்து அப்புத்தளையில் லிப்டன் சீட் என்ற காட்சிமுனையைப் பார்த்துவிட்டு, 1890இல் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமாக நடந்து இறங்கினோம். பாதி வழியில் மழை, பனிமூட்டம். அம்மாவுக்கு மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா, நாங்கள் கூப்பிடவே இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை (கொழுந்து பறிக்கும்போது கட்டும் தடித்த விரிப்பை) அவிழ்த்து அம்மாவுக்குப் போர்த்தினீர்கள். உங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) கூட்டிப்போய், காலில் ஏறிய அட்டைகளை உப்புப் போட்டு ஒவ்வொன்றாக விழுத்தினீர்கள். இஞ்சி போட்ட தேத்தண்ணி வேறு. அப்புறம் மகனை அனுப்பி ஆட்டோவும் பிடித்துத் தந்தீர்கள்.

கொழுந்து கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்று ஆட்டோக்காரத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. நீட்டிய காசைக்கூட நீங்கள் வாங்கவில்லை. பெயர் கேட்பதற்குள் மலைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

அம்மா இப்போது சுகம். உங்களைத்தான் தினமும் விசாரிக்கிறார். தோட்டத்துச் சொந்தங்கள் யாராவது படித்தால் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மிக்க நன்றி அக்கா.