இறவாரப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

தக்கலை,
மாசி 28

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் பெரும் மகிழ்ச்சி. குளச்சல் வீட்டின் கூரை விளிம்பை மூடும் இறவாரப் பலகைகளை மாற்றி, மழைக்கு முன் பெயிண்ட் அடிக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். சென்ற மாதம் முழுவதும் நானும் அதே வேலையில்தான் இருந்தேன் என்பதால் உடனே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் அடித்த பலகை, கீழே நின்று பார்த்தால் புதிது போலவே இருந்தது. ஏணியில் ஏறி, இரண்டு பலகைகள் முட்டும் இடத்தை விரலால் அழுத்தினேன்; ஊறிய அவல் போல விரல் உள்ளே போயிற்று. பலகைகளைக் கூரையைத் தாங்கும் கழுக்கோல்களின் முனைகளில் அடித்து முடித்த பிறகே அன்று பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசினோம்; பின்முகமும் அறுத்த முனைகளும் வெறும் மரமாகவே நின்றுவிட்டன. மரம் வளர்ந்தபோது நீர் ஏறிய நுண்குழாய்கள் அறுத்த முனையில்தான் வாய் திறந்து நிற்கின்றன. ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அவ்வழியே புகுந்து, முன்பக்கத்து எனாமல் அதை உலரவிடாமல் தடுக்க, பலகை உள்ளிருந்தே இற்றுப்போனது.

இம்முறை நன்கு உலர்ந்த அயனி மரப் பலகைகளைத் திண்ணையில் கிடத்தி, நான்கு முகங்களுக்கும் எண்ணெய் பிரைமர் பூசி, முனைகளுக்கு மட்டும் பிரஷைக் குத்திக் குத்தி இருமுறை கொடுத்தோம். மேலே பொருத்தும்போது ஆசாரி அளவுக்காக மீண்டும் அறுத்த முனைகளுக்கும் சாரத்திலேயே கையோடு பூசச் செய்தேன். நான் அருகில் நிற்காதிருந்தால் அது விடுபட்டிருக்கும். துத்தநாகம் பூசிய ஆணிகளையே வாங்கு. கீழ்விளிம்பைப் பின்பக்கம் சற்று உயரும்படி சாய்த்துச் சீவச் சொல். நீர் பின்னால் ஓடாமல் முன்விளிம்பிலேயே சொட்டிவிடும்.

உன் வீடு கடலோரம் என்பதால் இன்னொன்றும் உண்டு. உப்புப் படிந்த மரத்தின் மேல் அடித்த பெயிண்ட், உப்பு ஈரத்தை இழுப்பதால் கொப்பளித்து உரியும். மாற்றாமல் விடும் பழைய பலகைகளை நல்ல தண்ணீரால் கழுவி, முழுவதும் உலரவிட்டு, பனி விலகிய பிறகே தொடங்கு. இழைத்த மரத்தை வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவைக்காதே. மேற்பரப்பு நார் சிதைந்து பிரைமர் பிடிக்காது.

பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்க விடாதே. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உன் வீட்டில் இருப்பது அதற்கும் முந்தியது. பேத்தி தவழப்போகும் முற்றத்தில் அந்தத் தூள் விழவே கூடாது. நனைத்துத் தேய்த்து, கீழே தார்ப்பாய் விரித்து, எல்லாவற்றையும் வாரி எடுக்கச் சொல்.

பலகை வந்து இறங்கும் நாளை முன்கூட்டியே தெரிவி. என்னிடம் பாதி டின் பிரைமர் மீதி இருக்கிறது. எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன், முனைகளை நாமே பூசிவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்