மீன்கொத்தியின் முதுகு பச்சையா, நீலமா?

அன்பின் மச்சான்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே நானுஓயாப் பக்கம் சாம்பல் வாலாட்டிகள் வந்துவிட்டன.

கொத்மலை ஓயாவில் நீ எடுத்த சிறு மீன்கொத்தி, முதுகு பச்சையாக இருப்பதால், வடக்கிலிருந்து வந்த பெங்காலென்சிஸ் என்ற உள்ளினம் (ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் சற்று வேறுபடும் பிரிவு) என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே, முதலில் வயதைப் பார். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினால் காலில் சிவப்பில்லை, கருமை ஓடியிருக்கிறது. மார்பில் அழுக்குப் பட்டதுபோல் ஒரு சாம்பல் பட்டை. அலகு நுனியில் வெள்ளைப் பொட்டு. இது இளசு. எந்த உள்ளினமானாலும் இளசுகள் மங்கலாக, பச்சை தூக்கலாகத்தான் இருக்கும்.

நம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குடியிருப்பது தப்ரோபானா என்ற உள்ளினம். 1894இல் ஜெர்மானியப் பறவையியலாளர் க்ளைன்ஷ்மிட் நம் தீவின் பழைய கிரேக்கப் பெயரையே இதற்கு வைத்தார். பருமனில் இதுவும் பெங்காலென்சிஸும் ஒன்றுதான், அளந்து பிரிக்க முடியாது. தப்ரோபானாவின் மேற்புறம் தெளிந்த நீலம், மற்றதில் பச்சை கலந்த நீலம். இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறோம்.

ஆனால் அந்த நீலம் சாயமே அல்ல. இறகிழைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற நுண்ணமைப்பு ஒளியைச் சிதறவைப்பதால் வருவது. ஒரு பக்கமாக வெயில் அடித்தால் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும். ஒளி எல்லாப் பக்கமும் சமமாக வரும் மூட்டமான காலைதான் இதற்குத் தோது. நம் மலைகளில் அதற்குப் பஞ்சமில்லை. கமெராவின் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதே, மேகக் குறியில் நிறுத்து. சுற்றிலும் தேயிலைப் பச்சை இருந்தால் தானியங்கி ஏமாறும். கழுத்தோர வெள்ளைத் திட்டு படத்தில் வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார். அதில் பச்சை ஏறியிருந்தால் முதுகின் நிறத்தையும் நம்பாதே. உன் மூன்றாவது படத்தில் ஏறித்தான் இருக்கிறது.

நடுமுதுகில் மின்னும் கோட்டை விட்டுவிடு, அது எல்லா உள்ளினத்திலும் பளிச்சென்றுதான் இருக்கும். உச்சந்தலை, தோள், சிறகின் மேலிறகுகள், இவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். முங்கி எழுந்த பறவையானால் இறகு காயும்வரை பொறு. கீழலகில் சிவப்பிருந்தால் பெட்டை. அதற்கும் உள்ளினத்துக்கும் சம்பந்தமில்லை.

எச்சம் வெள்ளையாக வழிந்த கிளையைக் குறித்து வை, அங்கேதான் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். கால் நன்றாகச் சிவந்த பறவையாகப் பார்த்து எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்